குழாய் ஜோசியர்

ஒரே துப்பாக்கியில் மண் தட்டும் சுட வேண்டும், கண்மாயில் தாரா வாத்தும் சுட வேண்டும், எதை வாங்கலாம் என்று துப்பாக்கி கிளப்பைப் பார்த்துக்கொண்டவரிடம் நான் போய் நின்றபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஏதோ கேட்டார்.

"வீட்டுல வேற துப்பாக்கி கெடக்கா தம்பி?"

"இல்லண்ணே. அப்பா காலத்துல மருந்து இடிச்சு வைக்கிற துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. துருப்பிடிச்சுப் போச்சுன்னு ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு."

"நல்லதாப் போச்சு. இனிமேயும் ரெண்டாவது வேணாம்."

அறுபதுகளின் கடைசி அது. காரைக்குடியில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருந்தது. அப்பா பெயரில் இருந்த லைசென்ஸ் என் பெயருக்கு மாறியிருந்தது. கையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு துப்பாக்கி இல்லாமல் இருப்பது எனக்கு ஒரு மாதிரி குறைச்சலாகப் பட்டது. இள வயது, கொஞ்சம் வெட்டி ஜம்பம். சீனச் சண்டைக்குப் பிறகு பல ஊர்களில் துப்பாக்கி கிளப் தொடங்கினார்களே, அப்படி எங்களுக்கும் மானகிரிக்கு அப்பால் செம்பொட்டலில் ஒன்று இருந்தது. கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, பூட்டுப் போட்ட ஒரு தகர அலமாரி, மண் தட்டை வானத்தில் வீசியெறிய ஸ்பிரிங் வைத்த ஒரு இரும்பு மெஷின். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாத ஆட்கள் கூடுவோம். தட்டு பறக்கும், நாங்கள் சுடுவோம், தட்டு பெரும்பாலும் முழுசாகத் தரையில் விழும்.

கொட்டகையின் பொறுப்பு அவருடையது. அவர் விவசாயி. கண்மாய்ப் பாசனத்தில் வயலும், கிணற்றோடு ஒரு தோட்டமும் உண்டு. கிளப்பில் இருந்த வக்கீல்களும் மில்காரர்களும் காரில் வருவார்கள். அவர் சைக்கிளில், பழைய வேட்டியில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். கேட்காவிட்டால் விட மாட்டார்.

அந்தக் காலத்தில் புதிதாக இங்கிலீஷ் துப்பாக்கி வாங்குவது நடக்காத காரியம். செட்டிநாட்டு வீடுகளில் காவலுக்கென்று வாங்கி, ஒரு தடவை கூடச் சுடாமல் பெட்டிக்குள் தூங்கியவைதான் கைமாறும். கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனார். அந்த வீட்டு ஆச்சி துப்பாக்கிகளை எடுத்துவரச் சொல்லி முற்றத்தில் ஜமக்காளம் விரித்துப் பரப்பி வைத்தார்.

"எல்லாம் காலியாத்தான் இருக்கு. அப்பச்சி போனதுலேருந்து ஒருத்தரும் தொடல" என்றார் ஆச்சி.

"இருக்கட்டும் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகக் குழாய்க்கும் கட்டைக்கும் நடுவே மடக்கித் திறந்தார். குழாயின் பின்பக்கத்தைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். ஒற்றைக்குழல் ஒன்றை, இது வாட்ச்மேனுக்குச் சரி என்று ஒதுக்கினார். நீளக் குழாயுள்ள ஒன்றை எடுத்து அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டு வாயும் ரொம்ப ஒடுக்கம் தம்பி. ரவை செதறாமக் கூட்டமாப் போகும். தூரத்துத் தாராவுக்கு நல்லது. தட்டு நம்ம பக்கத்துலேயே பறக்கிற சாமான், அதுக்கு ரவை விரிஞ்சு போகணும். இதை வச்சுத் தட்டுச் சுட்டீகன்னா வருசம் பூரா வானத்தைத்தான் சுடுவீக."

கடைசியாக எடுத்தது அவருக்குப் பிடித்துவிட்டது. வலது குழாயின் வாய் கொஞ்சம் அகலம், கிட்டத்தில் பறக்கும் தட்டுக்கு. இடது குழாயின் வாய் ஒடுக்கம், எட்டத்தில் பறக்கும் தாராவுக்கு. தட்டைத் தொடர்ந்து வளைந்து சுடும் அளவுக்குக் கனமும் இருந்தது, சேற்றில் தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்கு லேசாகவும் இருந்தது. என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கண்ணை மூடியபடியே துப்பாக்கியைத் தோளில் வைத்து முற்றத்துத் தூணின் உச்சியைக் குறி பார்க்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். குழாய் தூணுக்கு நேராகவே நின்றது.

"கட்டை ஒங்க தோளுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இது போதும். ரெண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே அளவுத் தோட்டா."

எடுத்தபோது மடக்கித் தோட்டா இல்லை என்று மட்டும் பார்த்திருந்தார். இப்போது மறுபடி மடக்கிக் குழாயைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குத்தினார். உள்ளேயிருந்து காய்ந்த மண் பொலபொலவென்று ஜமக்காளத்தில் உதிர்ந்தது. குளவி கட்டிய கூடு. அதோடு சுட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும்.

"காலின்னீகளே ஆச்சி" என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. ஆச்சிதான் எங்கேயோ பார்த்தார்.

அதுதான் அவர். யார் சொன்னாலும் நம்ப மாட்டார். துப்பாக்கி என்றால் கலெக்டர் வந்து காலி என்று சொன்னாலும் மடக்கித் திறந்து, குழாய் வழியாக வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் கையில் வாங்குவார். தன் துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டு வெற்றிலை போட்டுத் திரும்புவதற்குள் மறுபடி அதைத் திறந்து பார்ப்பார். இப்பத்தானே பார்த்தீர்கள் என்று கேட்டால், "அது அப்ப பாத்தது" என்பார். கிளப்பில் அவருக்குக் குழாய் ஜோசியர் என்று பெயர். குழாய்க்குள் பார்த்து நம் ஆயுசைச் சொல்கிறார் என்று வக்கீல் ஒருவர் ஆரம்பித்து வைத்த கேலி. அவர் காதிலும் விழும். விழுந்தாலும் பார்ப்பதை நிறுத்த மாட்டார்.

என் கடைக்கு மருந்து வாங்க வந்தால் இன்னும் கொடுமை. பாட்டிலைக் கையில் கொடுத்ததும் வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பார்ப்பார். அடியில் மண்டி தெரிகிறதா, பூச்சி கிடக்கிறதா என்று குலுக்குவார். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பாட்டிலையும் தூக்கிப் பார்க்கத் தொடங்குவார்கள். "அண்ணே, கம்பெனி சீல் ஒடைக்கல, பாருங்க" என்பேன். "சீலு வெளியில இருக்கு தம்பி, மருந்து உள்ளயில்ல இருக்கு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் போன பிறகு நானும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன்.

மண் தட்டு விஷயத்திலும் அவரை ஏமாற்ற முடியாது. வெளியூரிலிருந்து வரும் தட்டு கிடைக்காமல் போனபோது பக்கத்து ஊர்க் குயவர் ஒருவரிடம் செய்யச் சொன்னோம். முதல் சூளைத் தட்டு நன்றாக உடைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த குயவருக்கு மனசு கேட்கவில்லை. தான் செய்த சாமானை இத்தனை பேர் கூடி நின்று உடைக்கிறார்களே என்று போய், அடுத்த சூளையை நன்றாக எரித்து வேகவைத்துவிட்டார். ரவை பட்டுத் தட்டு டங்கென்று சத்தம் போட்டதே தவிர உடையவில்லை. எங்கள் மில்காரர் தன் துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கே போய்விட்டார். இவர்தான் தட்டைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தார். "லேசாத்தான் சுட்டேன்னு குயவரு சத்தியம் பண்ணாரு. சத்தியமா ஒடையப் போகுது?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சிரித்தது அந்தத் தடவைதான்.

இப்படி இருக்கிறாரே, சின்ன வயதில் ஏதாவது விபத்தைப் பார்த்திருப்பார் என்று கிளப்பில் எல்லாரும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அண்ணன் செத்தான் என்றார் ஒருவர். இவரே யாரையோ சுட்டுவிட்டார் என்று இன்னொருவர் காதோடு சொன்னார். நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் நடக்கல தம்பி. நடக்கலைங்கிறதுக்காகப் பாக்காம இருக்க முடியுமா? பாக்குறதுனாலதான் நடக்கல."



அவருடைய ஒரே பிள்ளை சேது. நல்ல உயரம், அம்மா ஜாடை, வாய் நிறையச் சிரிப்பு. தட்டுச் சுடுவதில் கிளப்பிலேயே அவன்தான் கெட்டி. மெட்ராஸில் நடக்கிற போட்டிக்கு அவனை அனுப்ப வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவின் துப்பாக்கியால்தான் அவனும் சுடுவான். பன்னிரண்டு போர் என்று சொல்லும் பெரிய குழாய் அளவு. அப்பாவும் பிள்ளையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் மடக்கித் திறந்து பார்க்கும் சடங்கு நடக்கும்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயத்தன்று தாய்மாமன் சீர்த்தட்டு வைத்தார். வேட்டி, சட்டை, மோதிரம், பழம் எல்லாவற்றுக்கும் நடுவில் பட்டுத்துணி சுற்றி ஒரு துப்பாக்கி. இருபது போர். எண் கூடினால் குழாய் சிறுக்கும், அதனால் சிறிய அளவு, லேசானது, கட்டையில் அழகான வேலைப்பாடு. மாப்பிள்ளை போட்டியில் சுடப் போகிறவன், தோள் வலிக்காமல் சுடட்டும் என்று மாமன் யார் யாரையோ பிடித்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சேது பெயருக்கே லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தார். சபையே ஆ என்று பார்த்தது. பந்தலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் முகம் மட்டும் செத்துப் போயிருந்தது.

தாய்மாமன் சீரைச் சபையில் வேண்டாம் என்று சொன்னால் அது பெண்டாட்டியின் பிறந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஆகவே எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய கையோடு சபை நடுவிலேயே மடக்கித் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். மாமன் முகம் சிறுத்துப் போனது.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு காரியம் செய்தார். தன்னுடைய பன்னிரண்டு போர் துப்பாக்கியை மடக்கி, அதற்குள் சேதுவின் இருபது போர் தோட்டா ஒன்றைப் போட்டார். சின்னத் தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மேலாகப் பார்த்தால் தோட்டா வைக்கும் இடம் காலியாகத்தான் தெரிந்தது.

"இப்பப் பாருங்க. சுட்டா டொக்குங்கும், வெடிக்காது. தொறந்து பாத்தா ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கும். சரி, மறந்துட்டோம்னு பெரிய தோட்டாவ எடுத்துப் போடுவீக. அது செவனேன்னு உக்காந்துக்கிரும். அடுத்து விசையை அமுக்குனா முன்னால கெடக்குறதும் சேந்து வெடிக்கும். குழாய் இருக்காது. குழாயப் பிடிச்சிருக்கிற கையும் இருக்காது." சேதுவைப் பார்த்தார். "அதுனாலதான் ஒரு வீட்டுல ரெண்டு அளவு கூடாதுங்கிறேன். கஞ்சத்தனம்னு நெனைக்காதீக."

வேறு வழியில்லாமல் ஒரு ஏற்பாடு செய்தார். மாமன் துப்பாக்கியும் அதன் தோட்டாக்களும் கிளப் அலமாரியை விட்டு வீட்டுக்கு வரக் கூடாது. தட்டுச் சுடும்போது சேது போடுகிற காக்கிக் கோட்டும் கொட்டகை ஆணியிலேயே தொங்க வேண்டும். தாராவுக்குப் போகும்போது வீட்டுச் சட்டை, வீட்டுத் தோட்டா. சேதுவும் சரி என்றான். ஆனால் அவர் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சேது சுட்டு முடித்ததும் கிட்டத்தில் போய் அவன் பைகளுக்குள் கையை விட்டுத் துழாவுவார். அதற்கு முன் மற்றவர்களின் துப்பாக்கியைத்தான் பார்ப்பார். இப்போது பிள்ளையின் பையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் பெண்ணின் அப்பா, வருங்கால மருமகன் சுடுவதைப் பார்க்க உறவுக்காரர்களோடு வந்திருந்தார். சேது அன்று பிரமாதமாகச் சுட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அவர் எழுந்து போய், கோட்டுப் பையை வெளிப்பக்கம் இழுத்து உதறி, மேல்பையைத் தட்டி, இடுப்பைத் தடவினார். சந்தையில் பிடிபட்ட திருடனைச் சோதனை போடுகிற மாதிரிதான் இருந்தது. பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மாப்பிள்ளை பையைத் தடவிப் பாக்கவும் ஆளு வேணுமாக்கும். எங்க பொண்ணு அந்த வேலையும் சேத்துப் பழகிக்கிரணும் போலருக்கே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சேது துப்பாக்கியை மேஜையில் வைத்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பொட்டலைத் தாண்டி நடந்தே ஊருக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் அவன் அப்பாவோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சாப்பிடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டானாம். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசாத பொம்பளை. ஒரு சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். மதினிக்குத் தலைவலி மருந்து வேண்டும். நான் மாத்திரையைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல அதை வாங்கி வெளிச்சத்தில் பார்க்கக் கையை நீட்டினார். மதினி கொடுக்காமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. ஊரு முழுக்க நம்ப வேணாம். பெத்த பிள்ளை வாயால சொன்னா அதக்கூடவா நம்பக் கூடாது? கலியாணம் ஆகப்போற பய. அவனுக்கு ரோசம் இருக்காதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் தம்பி" என்றார் மெதுவாக. "இனிமே அவன் பையில கை வைக்கிறதில்ல. அவன் பாத்தேன்னு சொன்னா, பாத்தான்னு எடுத்துக்கிறதுன்னு சொல்லியிருக்கேன்."

நல்ல காரியம் என்றுதான் எனக்கும் தோன்றியது. யாருக்குத்தான் தோன்றாது? அன்று மதினி எவ்வளவு சந்தோஷமாகப் போனார் என்பது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மார்கழி வந்தது. கண்மாய் நிறைந்து வடக்கேயிருந்து தாரா இறங்கியிருந்தது. அப்பாவும் பிள்ளையும் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். விடிவதற்கு முன் மூன்று பேரும் கரையேறினோம். நான் என் துப்பாக்கியோடு. அவரும் சேதுவும் வீட்டுப் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு. அன்றைக்குச் சேது சுடட்டும், நான் சும்மா பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் இருந்தது. வழியெல்லாம் கல்யாணப் பேச்சுதான்.

நல்ல பனி. கரை ஓரத்துக் கருவேல மரத்தடியில் நின்றபோதுதான் சேதுவின் மேல் இருந்த கோட்டை நான் பார்த்தேன். காக்கிக் கோட்டு. கொட்டகையில் தொங்க வேண்டியது. முந்தின ஞாயிறு தூறல் போட்டதால் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டானாம், காலையில் குளிருக்கு அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவரும் பார்த்துவிட்டார்.

"கோட்டு கொட்டாயில இல்லையா?"

"குளுருதுப்பா. பைய எல்லாம் பாத்துட்டுத்தான் வீட்டுத் தோட்டாவ எடுத்துப் போட்டேன்."

"பாத்தியா?"

"பாத்துட்டேம்ப்பா."

அவருடைய வலது கை தானாகவே எழுந்தது. சேதுவின் கோட்டுப் பைக்கும் அவர் கைக்கும் ஒரு சாண் கூட இல்லை. பிறகு அந்தக் கை நின்றது. இறங்கி, துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை மட்டும் மடக்கித் திறந்து, வெளுக்கத் தொடங்கிய வானத்தில் குழாயைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்தார். அது பழுது இல்லாமல் காலியாகத்தான் இருந்தது.

சேது விறைத்துப் போன விரலால் பையிலிருந்து எடுத்துத் தோட்டாக்களைப் போட்டான். தண்ணீர் மேல் சிறகடிக்கிற சத்தம் கேட்டது. கூட்டமாகத் தாரா எழும்பி எங்கள் தலைக்கு மேலாக வந்தது. சேது துப்பாக்கியைத் தூக்கி வலது விசையை அமுக்கினான்.

டொக்.

"அட, போடவே இல்ல போலருக்கு" என்று சேது தனக்குள் சிரித்துக்கொண்டே மடக்கினான். மேலாகப் பார்த்து, காலியாகத் தெரிந்த இடத்தில் இன்னொன்றைத் தள்ளினான். பறந்துகொண்டிருந்த தாராவிலேயே அவன் கண் இருந்தது. அந்த டொக்கின் அர்த்தம் எங்கள் மூன்று பேரில் அந்தக் கணத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. "சேது, வேணாம்டா" என்று அவர் சொல்லத் தொடங்கியதை நான் கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது.

அது துப்பாக்கிச் சத்தம் மாதிரியே இல்லை. புகை விலகியபோது சேது நின்றுகொண்டுதான் இருந்தான், தன் இடது கையைத் தேடிக்கொண்டு. மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை. நான் துண்டைக் கிழித்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன். கடையில் நின்று கற்ற வைத்தியம் அவ்வளவுதான். கரையிலிருந்து வண்டிப்பாதை வரைக்கும் அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. காரைக்குடியில் கட்டுப்போட்டு, மதுரைக்குக் கொண்டுபோய், கையை எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள்.

வெடித்த துப்பாக்கியை நான்தான் கரையிலிருந்து எடுத்துவந்தேன். கிழிந்த குழாய்க்குள் இருபது போர் தோட்டாவின் பித்தளை அடி நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டின் உள்பைத் தையல் பிரிந்து, அதற்குள் எப்போதோ விழுந்து கிடந்தது, விறைத்த விரல் துழாவியதில் வீட்டுத் தோட்டாவோடு சேர்ந்து கையில் வந்திருக்க வேண்டும். சேது பொய் சொல்லவில்லை. பையைப் பார்த்திருக்கிறான். தையலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவர் கை நீட்டியிருந்தால் அகப்பட்டிருக்கும்.

பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனார்கள். அப்புறம் வரவில்லை. தாய்மாமன் கண்ணீரோடு தன் துப்பாக்கியை எடுத்துப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். மதினி என் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். ஒரு தடவை கோவில் வாசலில் எதிரே பார்த்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: "அவரு ஒரு வார்த்தை என்னையக் கேக்கலை தம்பி. கேட்டுட்டாக்கூடப் பரவாயில்லை." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சேது கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டுத் திருச்சிப் பக்கம் உறவினர் ஒருவரின் பெட்ரோல் பங்கில் கணக்குப் பார்க்கப் போய்விட்டான். பொங்கலுக்கு வருவான். இடது சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருப்பான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு உண்டு. அதிகம் இல்லை.

கிளப்பும் ஒவ்வொருவராக விலகிக் கலைந்தது. கொட்டகைக் கீற்று காற்றில் போனது. மெஷினை யாரோ பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் என் துப்பாக்கியையும் கொடுத்துவிட முடிவு செய்தேன். கண்மாயில் தாரா சுடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது என்றார்கள். எனக்கும் அந்தக் கரைக்குப் போகக் கால் வரவில்லை. கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை என்று பட்டது. தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் அவர்தானே.

தோட்டத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுது" என்றார். வலது குழாய் தட்டுக்கு, இடது குழாய் தாராவுக்கு என்று அவராகவே சொன்னார். குளவிக்கூட்டை நினைவுபடுத்தினார். என் கடையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார்.

அவர் கற்றுக்கொடுத்த பழக்கப்படி, நான் கொடுப்பதற்கு முன் துப்பாக்கியை மடக்கப் போனேன்.

"வேணாம் தம்பி. காலிதானே?"

"காலிதாண்ணே."

"பெறகென்ன. குடுங்க."

வாங்கினார். மடக்கவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, குழாயின் வாய் தன் விலாவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கூடக் கவனிக்காமல், கட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் கையில் திறந்து பார்க்காத துப்பாக்கியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவரை அப்படிப் பார்ப்பதைவிட, குழாய் ஜோசியர் என்று எல்லாரும் சேர்ந்து கேலி செய்த அந்தப் பிடிவாதக்காரர் எழுந்து வந்து என்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பொறுக்க முடியாமல் துப்பாக்கியை அவர் மடியிலிருந்து மெல்ல எடுத்தேன். மடக்கித் திறந்து, தென்னைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தில் வைத்து இரண்டு குழாயையும் பார்த்தேன். இரண்டிலும் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அவர் பக்கமாகத் திருப்பி, அவரும் பார்க்கட்டும் என்று காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக் கிணற்றைப் பார்த்தார்.

"காலியாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

"அதான் மொதல்லயே சொன்னீகளே தம்பி" என்றார்.